எந்த நிஜாம்? – பட்டப் பெயர்களும் வரலாற்றுப் பிழைகளும்



சென்ற ஆண்டு ஜும்ஆ பயான் ஒன்றில் கல்வியின் மேன்மை குறித்துப் பேசுகையில், அடியேன் தவறான செய்தி ஒன்றைக் கூறிவிட்டேன். நம் நாட்டு அரபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ‘தர்ஸே நிஜாமி’ என்னும் பாடத்திட்டம், பக்தாதில் நிஜாமிய்யா கலாசாலையை நிறுவிய வஸீர் நிஜாமுல் முல்க் அவர்கள் வகுத்தளித்தது என்பதே அச்செய்தி. நான் ஓதிய காலத்தில் மூத்த மாணவர் ஒருவர் சொல்லக் கேட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், கல்லூரியில் வரலாறு பயிலும் நம் ஜமாஅத்து இளைஞர் ஒருவர் அருகில் வந்து, மிகுந்த அடக்கத்துடன், “ஹஜ்ரத், நிஜாமுல் முல்க் எந்த ஆண்டில் மறைந்தார்? நீங்கள் ஓதிய கிதாபுகளை எழுதியவர்கள் எல்லோரும் அவருக்கு முன்னால் வாழ்ந்தவர்களா?” என்று கேட்டார்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அமர்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டது ஹிஜ்ரி 485, ரமளான் பிறை 10, கி.பி. 1092 அக்டோபர். நாம் ஓதும் ‘ஹிதாயா’வின் ஆசிரியர் மர்கீனானி (ரஹ்) மறைந்தது ஹிஜ்ரி 593இல் (1197). ‘தப்ஸீர் ஜலாலைன்’ அதற்கும் மூன்று நூற்றாண்டுகள் பிந்தியது. மன்திக் கலையில் ‘ஸுல்லமுல் உலூம்’ எழுதிய முஹிப்புல்லாஹ் பிஹாரி (ரஹ்) மறைந்ததோ ஹிஜ்ரி 1119இல் (1707). தமக்கு அறுநூறு ஆண்டுகள் கழித்து எழுதப்படவிருந்த நூலை ஒரு வஸீர் பாடத்தில் சேர்த்திருக்க இயலுமா? பதினைந்து வயதில் எழுந்திருக்க வேண்டிய ஐயம் நாற்பது கடந்தும் எனக்கு எழவில்லை. அடுத்த ஜும்ஆவிலேயே மிம்பரில் நின்று திருத்திக் கூறினேன். எனினும் இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தபோது கிடைத்த செய்திகள் பல; ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று நிர்வாகக் குழுவினர் கேட்டபோது அவற்றையே எழுதலாம் எனத் துணிந்தேன்.

பாரசீக, அரபு வரலாற்று நூல்களில் ஒருவருடைய பெயர் பல உறுப்புகளைக் கொண்டது. பெற்றோர் இட்ட பெயர் ‘இஸ்மு’. ‘இன்னாரின் தந்தை’ என்பது ‘குன்யத்’. ஊரையோ குலத்தையோ தொழிலையோ குறிப்பது ‘நிஸ்பத்’. அரசரோ கலீபாவோ மக்களோ வழங்கிய சிறப்புப் பெயர் ‘லகப்’. கவிஞராயின் தாமே சூட்டிக்கொண்ட ‘தகல்லுஸ்’ என்னும் புனைபெயரும் உண்டு. நாம் நிஜாமுல் முல்க் என்று அழைக்கும் பெரியாரின் இஸ்மு ஹஸன். குன்யத் அபூ அலி. தந்தை பெயர் அலி. ஊர் கொராஸானைச் சேர்ந்த தூஸ். ‘நிஜாமுல் முல்க்’ என்றால் ‘அரசின் ஒழுங்கமைப்பு’ என்று பொருள். செல்ஜூக் சுல்தான்களின் வஸீராக இருந்தமையால் வந்த பட்டம் அது. ஹஸன் இப்னு அலீ என்று சொன்னால் இன்று யாரும் அவரை அறியார். பட்டம் மனிதரை மூடிவிட்டது.

இவ்வழக்கம் பெருகியதற்கு ஒரு தொடக்கம் உண்டு. ஹிஜ்ரி 334இல் (கி.பி. 945) தைலம் நாட்டுப் புவைஹ் குடும்பத்துச் சகோதரர் மூவருக்கு அப்பாஸிய கலீபா ‘இமாதுத் தவ்லா’, ‘ருக்னுத் தவ்லா’, ‘முஇஸ்ஸுத் தவ்லா’ என்று பட்டங்கள் அளித்தார். அரசின் தூண், அரசின் ஆதாரம், அரசுக்குக் கண்ணியம் சேர்ப்பவர் என்பன அவற்றின் பொருள். உண்மையில் அவர்கள் கலீபாவின் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டவர்கள். கலீபாவிடம் கொடுப்பதற்குப் பட்டத்தைத் தவிர வேறொன்றும் எஞ்சியிருக்கவில்லை என்பதே சரி. அதன் பின் எல்லாச் சிற்றரசரும் பட்டம் கேட்கலாயினர். கஸ்னி மஹ்மூது ‘யமீனுத் தவ்லா’ ஆனார். அவர் காலத்து அறிஞர் அல்பீரூனி (ரஹ்), இவ்வாறு பட்டங்கள் மலிந்து பொருளிழந்து போனதைத் தம் நூலில் கடிந்து எழுதியுள்ளார். அதைவிட வியப்பு, நிஜாமுல் முல்க் அவர்களே தம் ‘ஸியாஸத் நாமா’ நூலில் பட்டங்களுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கி, தகுதி பாராமல் எவரும் எப்பட்டத்தையும் சூடுகின்றனரே என்று வருந்துகிறார். தம் பட்டத்தையே பின்னாளில் எத்தனை பேர் சூடப்போகின்றனர் என்பதை அவர் அறியார்!

‘நிஜாம்’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘லைலா மஜ்னூன்’ காவியம் பாடிய பாரசீகக் கவிஞர் நிஜாமி, கன்ஜா நகரைச் சேர்ந்தவர். அவருக்குச் சற்று முன்னர் ‘சஹார் மகாலா’ என்னும் உரைநடை நூலை எழுதியவர் நிஜாமி அரூஸி, ஸமர்கந்து நகரத்தவர். இருவரும் ஒருவரே என்று எண்ணி மயங்குவோர் இன்றும் உண்டு. ஆனால் இம்மயக்கம் அரூஸியின் காலத்திலேயே இருந்தது என்பதுதான் சுவையான செய்தி. கோர் நாட்டு அரசவையில் ஒரு விருந்தினர், ‘நிஜாமி’ என்று அழைக்கப்பட்ட அரூஸியைக் கண்டு, தாம் அறிந்த நிஜாமி இவர் அல்லரே என்று ஐயுற்றார். ஸமர்கந்தில் ஒருவரும் நிஷாபூரில் ஒருவருமாக அப்பெயரில் வேறு இரு கவிஞர் இருப்பதாகவும், மூன்றாமவர் தாம் என்றும் அரூஸி விடை கூறினார். மூவரில் சிறந்தவர் யார் என்று அரசர் வினவ, மூன்று நிஜாமிகளைப் பற்றியே அவ்விடத்தில் கவி புனைந்து அவர் தம்மை நிலைநாட்டினார். பரிசாக ஈயச் சுரங்கம் ஒன்றின் விளைச்சல் நோன்புப் பெருநாள் தொடங்கி ஹஜ்ஜுப் பெருநாள் வரை அவருக்கு அளிக்கப்பட்டது என்றும், அதில் 12,000 மணங்கு ஈயம் கிடைத்தது என்றும் அவரே எழுதியுள்ளார். பெயர்க் குழப்பத்தால் பொருள் ஈட்டியவர் உலகில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

தில்லியில் அடங்கியிருக்கும் ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்களின் இயற்பெயர் முஹம்மது; பதாயூனில் பிறந்தவர்கள்; மறைந்தது ஹிஜ்ரி 725 (1325). அஹமது நகர் ஆண்ட நிஜாம் ஷாஹி அரசர்களின் பெயர், அம்மரபின் மூதாதை பெற்றிருந்த ‘நிஜாமுல் முல்க்’ பட்டத்திலிருந்து வந்தது. ஐதராபாத் நிஜாம்களின் முதல்வரான மீர் கமருத்தீன் கானுக்கும் முகலாயப் பேரரசர் பர்ருக்ஸியர் 1713இல் அதே பட்டத்தை அளித்தார்; 1725இல் முஹம்மது ஷா ‘ஆஸப் ஜாஹ்’ என்ற பட்டத்தையும் சேர்த்தார். நபி ஸுலைமான் (அலை) அவர்களின் அமைச்சராகச் சொல்லப்படும் ஆஸப் என்பாரின் பெயரால் வந்த அப்பட்டத்தையே அவர் கவிதைக்குத் தகல்லுஸாகவும் கொண்டார். ஆட்சியாளரும் கவிஞரும் ஒரே பெயருக்குள் வாழ்ந்தனர். இவர் 1743இல் நம் ஆற்காட்டிற்குப் பெரும்படையுடன் வந்தவர். நவாப் அன்வருத்தீன் கானை 1744இல் ஆற்காட்டுப் பொறுப்பில் அமர்த்தியவரும் இவரே.

இனி, தர்ஸே நிஜாமியின் உண்மையான நிஜாம் யார்? லக்னோவைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் ஸிஹாலவி (ரஹ்). இவருடைய தந்தை முல்லா குத்புத்தீன் (ரஹ்) 1692இல் ஸிஹாலி என்னும் ஊரில் பகைவரால் கொல்லப்பட்டார். ஆதரவிழந்த அக்குடும்பத்திற்கு ஔரங்கசீப் பாதுஷா லக்னோவில் ஒரு மாளிகையை வழங்கினார். ஐரோப்பிய வணிகர் ஒருவர் முன்னர் அதில் குடியிருந்தமையால் அதற்குப் ‘பரங்கி மஹல்’ என்று பெயர். பரங்கி வணிகனின் பெயர் தாங்கிய அவ்வீடே இந்திய உலமாக்களின் பெரும் கல்விப் பீடமாயிற்று. அங்கு முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) ஒழுங்குபடுத்திய பாடமுறையே ‘தர்ஸே நிஜாமி’. அவர் மறைந்தது ஹிஜ்ரி 1161, கி.பி. 1748. ஐதராபாத் நிஜாமுல் முல்க் ஆஸப் ஜாஹ் மறைந்ததும் அதே 1748இல்தான். இரண்டிற்கும் இடையே ஒரு மாதமே இடைவெளி. ஒருவர் ஒரு நாட்டை விட்டுச் சென்றார். மற்றவர் ஒரு பாடத்திட்டத்தை விட்டுச் சென்றார். பெயரை மட்டும் பார்ப்பவர் இவ்விருவரையும் பக்தாது வஸீரையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுவது எளிது. அடியேன் கட்டினேன்.

இதில் நம்மை இன்னும் நெருங்கிவரும் செய்தி ஒன்றுள்ளது. முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் அருமை மகனார் மௌலானா அப்துல் அலீ (ரஹ்), லக்னோவை விட்டு நீங்கி, ஷாஜஹான்பூர், ராம்பூர், வங்காளத்தின் புஹார் எனப் பல ஊர்களில் ஓதிக்கொடுத்து, முடிவில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைப் பட்டினம் வந்து சேர்ந்தார். நவாபின் குடும்பமும் அவத் நாட்டுக் கோபாமவூவைச் சேர்ந்ததே. மௌலானாவின் பல்லக்கை நவாப் தம் தோளில் தாங்கினார் என்றும் சொல்லப்படுவதுண்டு. ‘மலிக்குல் உலமா’ என்ற பட்டத்தையும் அவர் அளித்தார். ஆயினும் உலகம் மௌலானாவை அறிவது ‘பஹ்ருல் உலூம்’, அதாவது கல்விகளின் கடல், என்ற பட்டத்தால்தான். ஹிஜ்ரி 1225இல் (1810) மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார். மௌலானா ரூமியின் மஸ்னவிக்கு அவர் எழுதிய விரிவுரை இன்றும் ஆலிம்களிடையே புகழ்பெற்றது. ஆக, நம் பாடத்திட்டத்தை வகுத்தவரின் மகன் உறங்குவது பக்தாதில் அன்று. இங்கிருந்து பேருந்தில் சென்று திரும்பக்கூடிய தொலைவில். இதனை அறியாமல் இத்தனை ஆண்டுகள் அப்பள்ளிக்குச் சென்று தொழுதுவிட்டு வந்திருக்கிறேன்!

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. அதே காலத்தில் இராக்கின் நஜபில் ஸையித் முஹம்மது மஹ்தி என்ற ஷீஆ அறிஞர் வாழ்ந்தார். 1797இல் மறைந்த அவருக்கும் ‘பஹ்ருல் உலூம்’ என்பதே பட்டம். பாரசீக நூல்களில் இப்பெயரைக் காண்போர் சென்னையாரா, நஜபுக்காரரா என்று பார்த்தே மேலே செல்ல வேண்டும்.

‘ஜலாலுத்தீன்’ என்ற பெயரின் கதையும் இத்தகையதே. மார்க்கத்தின் மாண்பு என்று பொருள்படும் இப்பட்டம், மஸ்னவி பாடிய ரூமிக்கும் (1207–1273), மங்கோலியரை எதிர்த்துப் போரிட்ட குவாரஸ்ம் அரசருக்கும், பேரரசர் அக்பருக்கும் உரியது. நம் தமிழகத்தில் 1335இல் தில்லியிலிருந்து பிரிந்து மதுரையில் தனியாட்சி நிறுவிய அஹ்ஸன் ஷாவும் ஜலாலுத்தீனே. உலகப் பயணி இப்னு பதூதா இவருடைய மகளை மணந்தவர். ஆனால் இப்பெயரின் பொதுமையை மறைக்காமல், அதனையே ஒரு நூலின் தலைப்பாக்கிய பெருமை நம் உலமாக்களுடையது. ‘ஜலாலைன்’ என்றால் ‘இரு ஜலால்கள்’. ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்) கஹ்பு அத்தியாயம் முதல் இறுதி வரையும், பாத்திஹாவுக்கும் விளக்கம் எழுதிய நிலையில் ஹிஜ்ரி 864இல் (1459) மறைந்தார். எஞ்சிய பகுதியை அவருடைய மாணவர் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) நிறைவு செய்தார். இரண்டு கைகள் எழுதியவை என்று எளிதில் பிரித்தறிய முடியாத வண்ணம் ஒரே நடையில் அமைந்த அந்நூலுக்கு, ஆசிரியர் இருவர் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இவையெல்லாம் பாரசீக, அரபு நாட்டு வழக்கங்கள்தாமே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். காஞ்சி மாநகரின் கைலாசநாதர் கோயிலில் பல்லவ மன்னன் இராசசிம்மனின் விருதுப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. சோழ மன்னரோ ‘இராசகேசரி’, ‘பரகேசரி’ என்னும் இரு பட்டங்களை மாறி மாறிச் சூடினர்; தந்தை இராசகேசரியாயின் மகன் பரகேசரி. ‘பரகேசரிவர்மர்க்கு யாண்டு’ என்று மட்டும் தொடங்கும் கல்வெட்டு எந்தச் சோழனுடையது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகளுக்கு (919, 921) அத்தொல்லை இல்லை. அவை முதலாம் பராந்தகனை ‘மதிரை கொண்ட’ என்ற அடைமொழியுடன் குறிப்பதால் ஆள் இன்னார் எனத் தெளிவாகிறது. நம் நூல்களில் நிஸ்பத் செய்யும் வேலையை அங்கு அவ்வடைமொழி செய்கிறது.

காஞ்சியிலேயே வேறொரு சான்றும் உண்டு. 1688ஆம் ஆண்டளவில், போர் அச்சத்தால் வரதராசப் பெருமாள் கோயிலின் திருவுருவங்கள் உடையார்பாளையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1710இல் அவற்றைத் திரும்பக் கொணர்வித்தவர் லாலா தோடர்மால் என்று அக்கோயில் கல்வெட்டே கூறுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த நினைவில், அக்பரின் வருவாய் அமைச்சர் ராஜா தோடர்மால்தான் இவர் என்று ஒருவர் முடிவு கட்டினால் நூறாண்டுப் பிழை நேரும். அவர் 1589லேயே மறைந்துவிட்டார். காஞ்சித் தோடர்மால், ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாஹ் கானிடம் பணிபுரிந்த அதிகாரி. முஸ்லிம் நவாபின் ஹிந்து அதிகாரி ஒருவர் ஆலயத்தின் திருவுருவங்களை மீட்டுத் தந்த இச்செய்தியை, நம் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துச் சகோதரர்களும் சரியான பெயரோடும் காலத்தோடும் அறிந்திருப்பது நலம்.

அந்த நவாபின் பெயரிலும் சிக்கல் இல்லாமலில்லை. தேசிங்கு ராஜன் கதையால் தமிழகம் அறிந்த சஆதத்துல்லாஹ் கான் 1732 வரை ஆண்டார். ‘சஆதத்துல்லாஹ் கான்’ என்பது பட்டம். அவர் குடும்பத்துச் சிறுவர் ஒருவர் 1742இல் அதே பட்டத்துடன் நவாபாக்கப்பட்டு, 1744இல் ஆற்காட்டில் கொல்லப்பட்டார். ஆதலால் ‘சஆதத்துல்லாஹ் கான் அளித்த மானியம்’ என்று ஒரு பழைய பார்ஸி ஸனது கூறுமாயின், முத்திரையிலும் அடியிலும் உள்ள ஹிஜ்ரி ஆண்டைப் பாராமல் அது யாருடையது என்று உரைத்தல் கூடாது. வக்பு நிலங்களைப் பற்றிய வழக்குகளில் ஓர் ஆண்டின் பிழை ஓர் ஏக்கரை இழக்கச் செய்யும்.

பட்டம் ஆட்சியாளரிடமிருந்து கவிஞருக்குச் செல்வதற்கும் ஆற்காட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1819 முதல் 1825 வரை நவாபாக இருந்தவர் ஆஜம் ஜாஹ். அவர் மகனும் கடைசி நவாபுமான குலாம் கவுஸ் கான் (மறைவு 1855) சிறந்த பார்ஸிக் கவிஞர்; கர்நாடகத்துக் கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். அவர் தெரிந்துகொண்ட தகல்லுஸ் ‘ஆஜம்’. தந்தையின் பட்டம் மகனின் புனைபெயராயிற்று. தமிழ்ப் புலவர்களிடமும் இதைக் காணலாம். குணங்குடி மஸ்தான் சாஹிபின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். துறவு பூண்ட பக்கீரின் பெயரில் சுல்தான்! மைசூர் ஆண்ட திப்புவுக்கோ, ஆற்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவ்லியாவின் நினைவாகப் பெயர் இடப்பட்டது. கவிஞரிடம் அரசரின் பெயர். அரசரிடம் மஸ்தானின் பெயர்.

ஆங்கிலேயர் 1887இல் ‘ஷம்ஸுல் உலமா’ என்ற பட்டத்தை ஏற்படுத்தி, ஷிப்லி நுஃமானி (ரஹ்) போன்றோருக்கும், பார்ஸி மதத்து அறிஞர் ஜீவன்ஜி ஜம்ஷெத்ஜி மோதிக்கும்கூட வழங்கினர். அதைப் பற்றி விரிக்கின் பெருகும்.

முன்னர் நான் இமாமத் செய்த வேறோர் ஊரில் நடந்ததைக் கூறி முடிக்கிறேன். வாரிசுச் சான்றுக்காகத் தம் பெற்றோரின் நிகாஹ் பதிவை வேண்டி மூதாட்டி ஒருவர் வந்தார். தந்தை பெயர் அப்துல் காதர் சாஹிப். பழைய தப்தரைப் புரட்டினால் அந்தப் பத்தாண்டுகளில் மட்டும் மூன்று அப்துல் காதர் சாஹிப்கள். எவருக்கும் தந்தை பெயரோ தெருவோ எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதியவருக்கு அம்மூவரையும் முகம் தெரியும். ஆகவே ‘சாஹிப்’ என்பதே போதும் என்று கருதிவிட்டார். இரண்டு நாள் தேடியும் தீரவில்லை. மூன்றாம் நாள், சாட்சியாகக் கையொப்பமிட்டிருந்த ஒருவரின் பெயரைப் படித்துக் காட்டியபோது, “அது எங்கள் மாமுவின் பெயர், ஹஜ்ரத்” என்று அந்த அம்மையார் அழுதுவிட்டார். அந்தக் கையொப்பம் இல்லாவிடில் அவருடைய தந்தை எந்த அப்துல் காதர் என்பதை நிறுவ வேறு வழியே இருந்திராது.

இவ்வாண்டு முதல் நம் ஜமாஅத்தின் நிகாஹ் தப்தரில் மணமக்களின் பெயருடன் தந்தை, பாட்டனார் பெயர்களும், தெருவும், ஹிஜ்ரி, ஆங்கிலத் தேதிகளும் எழுதப்படுகின்றன. பழைய தப்தர்களைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுக்கும் பணியை, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட இளைஞரே ஏற்றுள்ளார். பட்டம் மட்டும் எழுதப்பட்டு ஆள் விளங்காத பதிவுகள் பல உள்ளன. தங்கள் இல்லங்களில் பழைய நிகாஹ் கடிதங்களோ, அழைப்பிதழ்களோ, பாட்டனார் காலத்துப் பத்திரங்களோ இருப்பின், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலறைக்குக் கொண்டுவந்து காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். பார்த்துக் குறித்துக்கொண்டு அன்றே திருப்பித் தரப்படும்.